மணலில் விழுந்த மின்கம்பி

சென்னை நகருக்குத் தெற்கே, திருவான்மியூரைக் கடந்து கடலோரமாகச் செல்லும் சாலையில் பாலவாக்கம் என்னும் ஊர் இருக்கின்றது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இடையே மணற்பாங்கான ஒரு நிலத்துண்டு. மீனவர் குப்பமும் தென்னையும் சவுக்குமாக நெடுங்காலம் விளங்கிய இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கீற்றுக் குடிசைகள் இருந்த இடங்களில் இன்று மாடி வீடுகள் எழுந்துள்ளன. ஆனால் கடற்காற்றிலுள்ள உப்பும், காலடியிலுள்ள மணலும் மாறவில்லை. இந்த உப்பும் மணலும், மின்பொறியியலார் ஒரு நூற்றாண்டுக் காலமாக விடை தேடிவரும் ஒரு வினாவோடு நெருங்கிய தொடர்புடையவை. மின்சாரம் தனக்குரிய கம்பியை விட்டு வெளிப்பட்டுக் காற்றிலே தீயாய் எரியும்போது, அதனை எவ்வாறு உடனே கண்டறிவது என்பதே அவ்வினா.

காற்றிலே எரியும் இந்த மின்சாரத்திற்கு மின்வில் என்று பெயர். வெல்டிங் பட்டறையின் வாயிலில் கண்ணைப் பறிக்கும் நீலவெள்ளை ஒளியைக் கண்டிராதவர் இலர், அதுவே மின்வில். இரண்டு மின்வாய்களைத் தொடவிட்டுச் சிறிது விலக்கினால், இடையிலுள்ள காற்று மிகுந்த வெப்பமடைந்து தானே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகின்றது. அவ்வாறு கடத்தும்போது மேலும் வெப்பமடைகின்றது. வெப்பம் மிக மிகக் கடத்துந்திறனும் மிகுகின்றது. இவ்வாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் நெருப்பு அது. அதன் வெப்பம் பல்லாயிரம் டிகிரிக்கு உயரும். செம்பு ஏறத்தாழ 1,085 டிகிரியிலும், அலுமினியம் 660 டிகிரியிலும் உருகிவிடும். ஆகவே உலோகமும் மின்வில்லின் முன் நிற்பதில்லை. உலர்ந்த கீற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நெருப்பை மனிதன் முதலில் அஞ்சவில்லை, விரும்பித் தேடினான். 1802-ஆம் ஆண்டில் ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில் வசிலி பெத்ரோவ் என்பவர் பெரியதொரு மின்கல அடுக்கைக் கொண்டு இதனை உண்டாக்கி ஆராய்ந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் மாநகரத்து ராயல் கழகத்தில் ஹம்ப்ரி டேவி அதனைப் பலரும் வியக்கக் காட்டினார். கிடையாக வைத்த இரு கரித்துண்டுகளின் இடையே எரிந்த சுடர், சூடான காற்று மேலெழுந்தமையால் வில்போல் வளைந்து நின்றது. வில் என்னும் பெயர் அதனால் வந்ததே. 1878-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரத்தின் ஓப்பெரா வீதி யாப்ளச்காவ் என்பவர் அமைத்த வில்விளக்குகளால் ஒளிபெற்றது. நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரவைப் பகலாக்கின.

அவ்விளக்குகளில் ஒரு குறை இருந்தது. அவை சில வேளைகளில் சீறின, முணுமுணுத்தன, ஒளி தடுமாறிற்று. அந்தச் சீறலின் காரணத்தை ஆராய்ந்து கண்டவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி. கரிமுனையில் தோன்றும் பள்ளம் அளவுக்கு மிஞ்சி விரிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் சூடான கரியை நேரே தாக்கும்போதுதான் வில் சீறுகின்றது என்று அவர் மெய்ப்பித்தார். 1899-ஆம் ஆண்டில் இலண்டன் மின்பொறியாளர் கழகத்தில் தம் கட்டுரையைத் தாமே படித்தார். அக்கழகத்தின் முதற் பெண் உறுப்பினரும் ஆனார். ஆனால் 1901-ஆம் ஆண்டில் ராயல் சங்கத்தில் அவருடைய கட்டுரையை ஜான் பெரி என்னும் ஆடவர் படிக்க நேர்ந்தது. பெண்கள் அங்கே தம் கட்டுரையைப் படிக்கும் வழக்கம் அன்று இல்லை. அதே சங்கம் 1906-ஆம் ஆண்டில் அவருக்கு ஹியூஸ் பதக்கம் வழங்கியது. அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் பெரிது. மின்வில்லுக்குக் குரல் உண்டு. அக்குரலைக் கூர்ந்து கேட்டால் அதன் உள்நிலை விளங்கும் என்பதே அப்பாடம். ஆனால் அதனைப் பொறியாளர்கள் மின்பாதைகளின் காவலுக்குப் பயன்படுத்தப் பல்லாண்டுகள் ஆயின.

ஏன் என்பதை நாம் ஆராய வேண்டும். 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க் நகரில் எடிசனுடைய பேர்ள் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. வீடுகளுக்குள் மின்சாரம் புகுந்தது. கூடவே தீ விபத்தும் புகுந்தது. அவ்வாண்டிலேயே இலண்டனில் பீனிக்ஸ் தீக்காப்பீட்டு நிறுவனம் மின்கம்பி அமைப்பதற்கு விதிகளை வகுத்து வெளியிட்டது. விபத்தைத் தடுக்க எடிசன் முதலியோர் கையாண்ட கருவி, நாம் பியூஸ் என்று வழங்கும் உருகுகம்பி. அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் மெல்லிய கம்பி உருகி அறுந்து, பாதையைத் துண்டித்துவிடும். எளிய கருவி, விலையும் குறைவு. எத்தனையோ உயிர்களையும் உடைமைகளையும் அது காத்திருக்கின்றது. பின்னர் வந்த தானே துண்டிக்கும் பொறிகளும் பெரும்பாலும் அதே நெறியைப் பின்பற்றின.

ஆனால் அந்நெறியில் ஒரு குறை உண்டு. சுங்கச் சாவடியில் ஒரு காவலன் இருக்கின்றான் என்று கொள்வோம். ஒரு நாழிகைக்கு இத்தனை வண்டிகளுக்கு மேல் போகலாகாது என்பது அவனுக்கு இட்ட கட்டளை. அவன் வண்டிகளை எண்ணுவான். எண்ணிக்கை மிஞ்சினால் கதவை அடைப்பான். வண்டியில் இருப்பது நெல்லா, நெருப்பா என்று அவன் பார்ப்பதில்லை. பியூசும் அத்தகைய காவலனே. அது மின்னோட்டத்தின் அளவைக் காணும், குணத்தைக் காணாது. மின்வில்லோ பெரும்பாலும் அளவுக்குள் அடங்கி நின்றே தீங்கு செய்வது.

இப்பொழுது நம் நாட்டுக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். தொடக்கத்தில் தரைக்கடியில் பதித்த கால்வாய் வழியாகவே வண்டிக்கு மின்சாரம் ஊட்டினர். மழைக்காலத்து வெள்ளம் அம்முறையைப் பொறுக்கவில்லை. ஆகவே பின்னர் மேற்கம்பி முறைக்கு மாறினர். 1953-ஆம் ஆண்டில் டிராம் நின்றுபோகும் வரையில், வண்டியின் உச்சியில் கம்பியை உரசிச் செல்லும் கோலின் முனையில் அவ்வப்போது பளிச்சிட்ட நீலப் பொறியே சென்னைவாசிகள் பலர் கண்ட முதல் மின்வில்லாக இருந்திருக்கும்.

அதே 1895-ஆம் ஆண்டு, அதே மே 7-ஆம் நாள், பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்சாந்தர் பொபோவ் என்பவர் ஒரு கருவியை அறிஞர் அவையில் காட்டினார் என்பது வியப்பான ஒற்றுமை. தொலைவில் நிகழும் மின்பொறியை அது கம்பியின்றியே உணர்ந்து மணியடித்தது. பின்னர் அதனை அவர் இடிமின்னலை அறியப் பயன்படுத்தினார். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1880-களின் பிற்பகுதியில், மின்பொறி ஒன்று தாவும்போது கண்ணுக்குத் தெரியாத அலைகள் வெளியில் பரவுகின்றன என்று மெய்ப்பித்திருந்தார். வானொலியின் தாய் அந்தப் பொறிதான். ஆகவே மின்வில்லை வானொலியால் கண்டறியலாம் என்பது புதிதாய்ப் புகுத்திய கருத்தன்று. வானொலி பிறந்ததே பொறியின் குரலைக் கேட்டுத்தான்.

1927-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு மின்சாரத்திற்கென ஒரு துறையை ஏற்படுத்திற்று. 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீரின் வீழ்ச்சி மின்சாரமாயிற்று. நகருக்கு மின்சாரம் வழங்கிவந்த தனியார் நிறுவனத்தை 1947-இல் அரசு ஏற்றது. 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் தோன்றிற்று. அதற்குப் பின் கம்பிகள் வயலுக்கும் குப்பத்திற்கும் விரைந்து பரவின. கடலோரச் சிற்றூர்களிலும் கம்பங்கள் நின்றன. நகரத்தின் நடுப்பகுதியில் தரைக்கடியில் பதித்த கேபிள்களை உப்புக்காற்று தீண்டவில்லை. ஆனால் திறந்த வெளியில் கம்பம் நட்டுக் கட்டிய கம்பிகளை அது தீண்டியது.

உப்பு செய்யும் தீங்கு நுட்பமானது. கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான், மின்சாரம் கம்பத்தின் வழியாகத் தரைக்கு இறங்காதபடி தடுப்பதற்காக வைக்கப்பட்டது. பிற்பகலில் வீசும் கடற்காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வந்து அப்பீங்கானின் மேல் படியச் செய்கின்றது. உலர்ந்த உப்பால் தீங்கில்லை. ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையாலும் தீங்கில்லை. அது உப்பைக் கழுவிவிடும். தீங்கு விளைப்பது தை, மாசி மாதங்களின் விடியற்காலைப் பனியே. பனி உப்பை நனைக்கும், ஆனால் கழுவாது. நனைந்த உப்புப் படலத்தின் வழியே சிறிதளவு மின்சாரம் கசிகின்றது. அக்கசிவின் வெப்பத்தால் படலத்தில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் உலர்ந்துபோகின்றது. உடனே மின்னழுத்தம் முழுவதும் அக்குறுகிய வளையத்தின்மேல் விழ, அங்கே ஒரு குட்டி மின்வில் முளைக்கின்றது. அது அணையும், மறுபடியும் முளைக்கும், மெல்ல நீளும். இறுதியில் ஒரு கணத்தில் கம்பியிலிருந்து கம்பம்வரை தீப்பாய்ந்து ஊரே இருளில் மூழ்கும். விடியற்காலையில் காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் மின்சாரம் நின்றுபோவதைக் கண்டு கடலோரத்து மக்கள் வியப்பதுண்டு. அதற்கு ஒரு காரணம் இதுவே.

இத்தீங்குக்கு முன்னறிவிப்பு உண்டு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகின்றது. ஆகவே வினாடிக்கு 100 முறை அது சூனியத்தைத் தொடுகின்றது. ஒவ்வொரு முறையும் குட்டி வில் அணைந்து மீண்டும் பற்றுகின்றது. பற்றும்போதெல்லாம் ஒரு மின்காந்த அலை எழுகின்றது. மத்திய அலை வானொலிப் பெட்டியில் நிலையத்தின் குரலோடு கலந்து வரும் அந்தக் கரகர ஓசை, பல வேளைகளில் இதுதான். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டில் தோன்றிற்று. கச்சேரியைக் கேட்க அமர்ந்து கரகரப்பைக் கேட்டுச் சலித்துக்கொண்ட நேயர்கள், தம்மையறியாமல் ஒரு பழுதுற்ற பீங்கானின் கூக்குரலைக் கேட்டிருக்கலாம். உலகெங்கும் மின்துறையினர் கையில் ஒரு வானொலி ஏற்பியை ஏந்திக் கம்பம் கம்பமாக நடந்து, ஓசை மிகும் இடத்தைக் கண்டு பழுதைத் திருத்தலாயினர். மின்வில்லைக் கண்டறியும் கலை, ஒரு வகையில், நேயர்களின் புகாரிலிருந்து வளர்ந்தது எனலாம்.

மூடிய பெட்டிக்குள் எரியும் வில்லைக் கண்டறிய வேறொரு வழி தேவைப்பட்டது. பெரிய மின்மாற்றிகளின் சுருள்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். உள்ளே வில் எரிந்தால் வெளியே தெரியாது. 1921-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் காசல் நகரத்தில் பணியாற்றிய மாக்ஸ் புக்கோல்ட்ஸ் என்னும் பொறியாளர் ஒரு வழி கண்டார். வில்லின் வெப்பத்தில் எண்ணெய் சிதைந்து வாயுக் குமிழிகளாகின்றது, குமிழிகள் மேலெழும். அவை செல்லும் குழாயில் ஒரு சிறு அறையை அமைத்து, அதில் மிதப்பு ஒன்றை வைத்தார். வாயு சேரச் சேர எண்ணெய் மட்டம் இறங்கும். மிதப்பும் இறங்கி மணியை அடிக்கும். பெருந்தீங்கு நேர்ந்தால் எண்ணெய் வேகமாய்ப் பாய்ந்து மற்றொரு மிதப்பைத் தள்ளி மின்சாரத்தையே துண்டிக்கும். இன்றும் நம் துணை மின்நிலையங்களின் பெரிய மின்மாற்றிகளில் புக்கோல்ட்ஸ் பெயரால் வழங்கும் இக்கருவியைக் காணலாம். பின்னர், எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களைச் சோதிக்கும் முறையும் வளர்ந்தது. 1974-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மிஷல் டுவால் என்பவர், மூன்று வாயுக்களின் விகிதத்தைக் கொண்டு பழுதின் வகையை உரைக்கும் முக்கோணப் படம் ஒன்றை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, பட்டறைகளில் இரும்பை வெட்டவும் ஒட்டவும் பயன்படும் அசெட்டிலீன். எண்ணெயில் அசெட்டிலீன் மிகுந்தால் உள்ளே வில் எரிகின்றது என்று பொருள். நாடி பார்க்கும் வைத்தியர்போல், பெட்டியைத் திறவாமலே பொறியாளர் நோயை அறியலாயினர்.

இவ்வாறு ஒவ்வொன்றாக வென்று வந்தபோதிலும், ஒன்று மட்டும் எளிதில் அகப்படவில்லை. அதுதான் மணலில் விழுந்த கம்பி.

புயலிலோ, துருவேறியோ, மரக்கிளை விழுந்தோ 11,000 வோல்ட்டுக் கம்பி ஒன்று அறுந்து தரையில் விழுகின்றது. விழுந்தவுடன் பெருமளவு மின்சாரம் தரைக்குள் பாயும், துணை மின்நிலையத்தில் உள்ள பொறி உடனே துண்டித்துவிடும் என்றே நாம் எண்ணுகின்றோம். பல வேளைகளில் அவ்வாறே நிகழ்கின்றது. ஆனால் எப்போதும் அன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,500 வோல்ட்டுக் கம்பிகளை வேண்டுமென்றே பல்வேறு தரைகளில் விழச்செய்து அளந்து பார்த்தார்கள். கம்பி பதித்த கான்கிரீட்டின்மேல் விழுந்தபோது ஏறத்தாழ 75 ஆம்பியர் பாய்ந்தது. ஈரப் புல்லில் 50. உலர்ந்த புல்லில் 25. ஈர மணலில் 15. உலர்ந்த மணலிலோ, அளக்கத்தக்க அளவு எதுவும் பாயவில்லை. துணை மின்நிலையத்துப் பொறியோ நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை நாள்தோறும் வழங்குவது. ஊரெல்லாம் மின்விசிறியைப் போட்டால் ஏறி, நிறுத்தினால் இறங்கும் அளவினுள் 15 ஆம்பியர் எம்மூலையில்? தரைப்பழுதை உணரும் நுண்ணிய ரிலேகளும் கடல்மணலின் முன் பெரும்பாலும் வாளாவிருந்துவிடுகின்றன.

பாலவாக்கம் போன்ற ஊர்களின் இடர் இங்கேதான் இருக்கின்றது. உப்பு கம்பியையும் பீங்கானையும் அரிக்கின்றது; அறுந்து விழுந்த கம்பியை மணல் காட்டிக்கொடுப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையின் அருகே கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. புயலென்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடலாம். ஆனால் அமைதியான ஒரு மாலைப்பொழுதில் ஒற்றைக் கம்பி அறுந்து விழுந்தால்? சில வேளை அது அசையாமலும் ஒளிவிடாமலும் செத்த பாம்புபோல் கிடக்கும். சில வேளை மணலோடு தொடும் முனையில் சிறு வில் எரிந்து, மணலையே உருக்கிக் கண்ணாடியாக்கும். இரண்டு நிலையிலும் அதில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் இருக்கின்றது. அதனை முதலில் கண்டுபிடிப்பது கருவியாக இல்லாமல், அவ்வழியே செல்லும் ஒரு சிறுவனாகவோ, புல் மேயும் ஒரு பசுவாகவோ இருந்துவிடுமானால் அது பெருந்துயரம்.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் டான் ரஸ்ஸல் என்பவரும் அவர் குழுவினரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். அவர்கள் செய்த மாறுதல் எளியது, ஆனால் அடிப்படையானது. மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்பதை விட்டு, அது எவ்வாறு ஓடுகின்றது என்று கேட்டார்கள். நல்ல மின்னோட்டம் தண்ணீரின் அலைபோல் ஒழுங்காக ஏறி இறங்கும். மின்வில்லின் வழியாக ஓடும் மின்னோட்டமோ, சூனியத்தைத் தொடுமிடத்தில் சற்றுத் தயங்கி நின்று பின் சட்டென்று பாயும். ஓர் அலை மற்றோர் அலையைப் போல் இராது. வினாடிக்கு 2,000 முதல் 10,000 வரையிலான அதிர்வுகள் அதில் கலந்திருக்கும். 1982-ஆம் ஆண்டில் அவர்கள் இவ்வதிர்வுகளைக் கொண்டு விழுந்த கம்பியைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். 1990-களில் அதனை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஹெர்த்தா அயர்ட்டன் காதாலே கேட்ட சீறலைக் கணிப்பொறி கணக்காலே கேட்கலாயிற்று.

ஆனால் இங்கே ஓர் இக்கட்டு உண்டு. நல்ல வில்லும் உலகில் இருக்கின்றது. நம் வீட்டு மிக்சியின் உள்ளே சுழலும் பகுதியை உரசும் கரித்துண்டுகள் ஓயாமல் சிறு பொறிகளை எழுப்புகின்றன. வெல்டிங் பட்டறை நாள் முழுதும் வில்லை எரிக்கின்றது. சுவிட்சைப் போடும்போதெல்லாம் ஒரு கணம் பொறி பறக்கின்றது. இவற்றையெல்லாம் பகையென்று எண்ணித் துண்டிக்கும் கருவியை யார் வைத்துக்கொள்வர்? மருத்துவமனையின் மின்சாரத்தை ஒரு பொய்யான ஐயத்தினால் நிறுத்துவதும் உயிர்க்கேடே ஆகும். பகையை நட்பென்று விடுவது ஒரு பிழை. நட்பைப் பகையென்று தள்ளுவது மற்றொரு பிழை. கருவியைக் கூர்மையாக்கினால் இரண்டாம் பிழை மிகும். மழுங்கச் செய்தால் முதற் பிழை மிகும். மின்வில்லைக் கண்டறியும் கலையின் அண்மைக் கால வரலாறு முழுவதும் இவ்விரு பிழைகளுக்கிடையே நடு நிலை தேடிய வரலாறே.

வீட்டுக்குள்ளும் இதே போராட்டம் நிகழ்ந்தது. சுவரிலுள்ள பிளக்கில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கின்றது என்று கொள்வோம். அத்தளர்ந்த இடத்தில் சிறு வில் எரிகின்றது. அதன் வழியே செல்லும் மின்சாரம் சலவைப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரமே. கூடுதல் ஏதும் இல்லை. ஆகவே பியூஸ் உருகாது. மின்சாரம் தரைக்குக் கசியாமையால் கசிவை உணரும் பொறியும் துண்டிக்காது. ஆயினும் 5 ஆம்பியர், 30 வோல்ட்டு என்று கொண்டால் 150 வாட்டு வெப்பம் ஊசிமுனையளவு இடத்தில் எழுகின்றது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் கருகிக் கரியாகின்றது. கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால் வில் மேலும் வலுக்கின்றது. இதனை உணரும் கருவியை அமெரிக்க மின்விதிகள் 1999-ஆம் ஆண்டில் ஏற்று, 2002 முதல் புதிய வீடுகளின் படுக்கையறைகளுக்குக் கட்டாயமாக்கின. உறங்கும் மனிதனுக்குத்தான் காவல் முதலில் வேண்டும் என்பது அதன் கருத்து. 2013-ஆம் ஆண்டில் இக்கருவிக்கு உலகத் தரவிதியும் வகுக்கப்பட்டது. மாடிகளில் சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்கும் இக்காலத்தில் இதன் தேவை மேலும் மிகுந்துள்ளது. சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது, சூனியத்தைத் தொடாதது. ஆகவே அதில் பற்றிய வில் தானே அணைவதில்லை.

வில்லைக் காணும் கண்ணும் பிறந்தது. மின்வில் நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களை வீசுகின்றது. சூரியனும் அவற்றை வீசுகின்றது. ஆனால் அவற்றுள் மிகக் குறுகிய அலைகளை வானத்து ஓசோன் படலம் வடிகட்டிவிடுகின்றது. எனவே அக்குறுகிய அலைகளை மட்டும் காணும் காமிராவுக்கு நடுப்பகலும் இருளே. அவ்விருளில் மின்வில் மட்டும் விண்மீன்போல் தெரியும். 1990-களில் தென்னாப்பிரிக்காவில் இத்தகைய காமிரா உருவாயிற்று. பீங்கானுக்கு மாற்றாக, பனித்துளியைத் தாமரை இலைபோல் உருட்டிவிடும் சிலிக்கோன் ரப்பரால் ஆன தாங்கிகளும் பரவியுள்ளன. 1959-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடத்தில், உப்பு மூடுபனியில் இத்தகைய பொருள்கள் எவ்வாறு தேய்கின்றன என்பதையும் ஆராய்ந்திருக்கின்றனர். அவ்வாய்வுக்கூடத்திற்கும் பாலவாக்கத்துக் கடற்கரைக்கும் இடையே உள்ள தொலைவு சில கல்லே.

இவ்வளவு கருவிகள் இருந்தும் இடர் நீங்கிவிடவில்லை. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் காட்டுத்தீக்கு இரையாயினர். அவர்களுள் 119 பேரைக் கொன்றது கில்மோர் கிழக்கு என்னுமிடத்தில் பற்றிய தீ. அதன் மூலத்தை விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, தளர்ந்து அறுந்த ஒற்றை மின்கம்பியும், அது எழுப்பிய மின்வில்லும் காரணமெனத் தெரியவந்தது. அதன் பின்னரே அம்மாநிலம், தரையைத் தொட்ட கம்பியில் பாயும் மின்சாரத்தை நொடிப்பொழுதில் அடக்கும் பொறிகளைத் தன் துணை மின்நிலையங்களில் அமைக்கலாயிற்று. பெரும்பாலும் அறிவு முன்னே செல்கின்றது. பணமும் சட்டமும் துயரத்திற்குப் பின்னரே வந்து சேர்கின்றன.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று அறிவியலைச் சார்ந்தது. அளவு மிகாத இடத்தில் தீங்கு இராது என்று எண்ணியமையால் மனிதன் நூறாண்டுகள் ஒரு பகையைக் காணாதிருந்தான். விடை கிடைக்காதபோது புதிய கருவியைத் தேடுவதற்கு முன், நாம் கேட்கும் கேள்வி சரியானதுதானா என்று பார்க்க வேண்டும்.

மற்றொன்று வாழ்வைச் சார்ந்தது. தெருவிலோ மணலிலோ அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால், அது ஒளிவிடவில்லை, அருகிலுள்ள வீடுகளில் விளக்கும் எரியவில்லை, ஆகவே மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பத்து மீட்டருக்கு இப்பால் நின்றுவிடுங்கள்; பிறரையும் நிறுத்துங்கள்; மின்வாரியத்தாருக்குச் செய்தி அனுப்புங்கள். தவறி அருகே சென்றுவிட்டால், கால்களை அகற்றி வைத்து ஓடாதீர்கள். தரையில் இரு அடிகளுக்கிடையேயும் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அகன்ற அடி உங்கள் உடலையே கம்பியாக்கிவிடும். இரு பாதங்களையும் ஒட்டியவாறே மெல்ல நகர்ந்து விலகுங்கள். பிளக் சூடேறினாலும், சுவிட்சு சீறினாலும், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலும் பியூஸ் போகவில்லையே என்று வாளாவிராதீர்கள். பியூஸ் எண்ணிக்கை மட்டுமே அறிந்த காவலன். சீறலைக் கேட்பதற்கும் வாடையை உணர்வதற்கும் உங்கள் காதும் மூக்கும் இருக்கின்றன. எக்கருவி வந்தாலும் முதலிற் பார்ப்பவர் வீட்டில் இருப்பவரே.